சூதின் வேர்கள்: திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

திருக்குறட் பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. முன்னதன் பெயர் எதிர்மறை. பின்னதன் பெயர் உடன்பாடு. கள்ளை விலக்கிய ஆசிரியர் சூதையும் விலக்கவே செய்தார். எனினும் 'சூதாடாமை' என்று தலைப்பு அமையவில்லை. வரைவின்மகளிர் என்னும் தலைப்பும் அவ்வாறே நிற்றலின், இவ்வேறுபாட்டின்மேல் பெருங்கோட்டை கட்டுதல் பொருந்தாது. ஆயினும் இத்தலைப்பு நம்மை ஒரு வினாவுக்கு இட்டுச் செல்கின்றது. சூதாடற்க என்பது அறவுரை. மக்கள் ஏன் சூதாடுகின்றனர் என்பது ஆராய்ச்சி. முன்னதற்குத் தமிழில் நூல்கள் பல உண்டு. பின்னதனைத் தனியே எடுத்து ஆராய்ந்தார் மிகச் சிலரே.

சூதாடுவானைப் பற்றி மூவகை நோக்குகள் இன்று வழங்குகின்றன. அறநூலார் அவனை ஒழுக்கம் தவறியவன் என்பர். சட்ட நூலார் அவனைக் குற்றம் செய்தவன் என்பர். மருத்துவ நூலார் அவனை நோயாளி என்பர். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980ஆம் ஆண்டுப் பகுப்பு நூலில் இதனை ஒரு நோயாகச் சேர்த்துக் கொண்டது. மூவர் நோக்கும் தம்முள் வேறாயினும் ஒன்றில் ஒக்கும். மூவரும் தனி ஒருவனையே காண்கின்றனர். அவனைச் சுற்றியுள்ள ஊர், அவை, கூலி, மழை, அரசு ஆகியவை அவர்கள் கண்ணிற் படுவதில்லை. தமிழ் இலக்கியமோ தனி ஒருவனை மட்டும் காட்டி அமையவில்லை. அவன் ஆடுகின்ற அவையையும் உடன் காட்டுகின்றது. அவ்விலக்கியச் சான்றுகளைக் கொண்டு சூதின் சமுதாய வேர்களையும் பண்பாட்டு வேர்களையும் காண முயல்வது இக்கட்டுரை.

களம்

ஆய்வுக்குக் களமாகத் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் கொள்ளப்பட்டன. இவ்வூர்களில் சூது மிகுதி என்பது நம் கருத்தன்று. அவ்வாறு கூறுதற்குச் சான்று இல்லை. சூதின் வேர்கள் எனக் கருதத்தக்க நான்கு கூறுகளையும் இவ்வட்டாரத்தில் ஒருங்கே காணலாம் என்பதே காரணம்.

திருவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர். வில்லிபுத்தூரார் எனப் பெரியாழ்வாருக்கு வழங்கிய பெயரையே பாரதம் பாடிய புலவரும் தாங்கினார். அப்புலவர் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். எனினும் அவர் பெயர் இவ்வூரை நினைவூட்டுகின்றது. அவர் நூலில் சூதுபோர்ச் சருக்கம் தனித்து விளங்குகின்றது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே உள்ள இராசபாளையம் பஞ்சாலை நகர். இராசபாளையம் ஆலை 1936இல் தொடங்கப்பெற்றது. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. இரு நகரங்களையும் இணைக்கும் நெடுஞ்சாலை தென்காசி, செங்கோட்டை வழியே கேரள எல்லையைக் கடந்து கொல்லம் செல்கின்றது. கிழக்கே அண்மையில் அச்சுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற சிவகாசி உள்ளது. ஆழ்வார் பாடலும் பாரதக் கதையும் பஞ்சு வணிகமும் பரிசுச் சீட்டும் ஒரு நாட் பயணத்துள் அடங்கும் நிலம் இது. இவை ஒவ்வொன்றும் சூதுக்கு எவ்வாறு உறவாகின்றன என்பது மேல் விளங்கும்.

வல்லும் கழகமும்

சூதாடு கருவிக்குப் பழந்தமிழ்ப் பெயர் வல். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் இச்சொல்லுக்குத் தனிப் புணர்ச்சி விதி கூறுகின்றார். நாய் என்னும் சொல்லும் பலகை என்னும் சொல்லும் இதன்பின் வருங்கால் வல்லுநாய், வல்லநாய் எனவும், வல்லுப்பலகை, வல்லப்பலகை எனவும் இருவகையாக வழங்கலாம் என்பது அவ்விதியின் பயன். நாய் என்பது ஈண்டு விளையாட்டுக் காய். ஓர் இலக்கண ஆசிரியர் ஒரு விளையாட்டின் கருவிப் பெயர்களுக்கு விதி வகுக்க வேண்டியிருந்தது எனின், அச்சொற்கள் மக்கள் வாயில் நாளும் பயின்றன என்பது பெறப்படும். வல் என்பது வலிமையையும் உணர்த்தும். ஒலி ஒப்புமை ஒன்றே கொண்டு இரண்டுக்கும் வேர் ஒன்றெனத் துணிதல் ஆகாது. ஆயினும் ஆடுவோன் உள்ளத்தில் நற்பேறும் வல்லமையும் ஒன்றாய்க் கலந்து நிற்றலை இவ்வொப்புமை நினைவூட்டாமற் போகாது.

மருதன் இளநாகனார் பாடிய புறநானூற்று 52ஆம் பாட்டு ஈண்டு உற்று நோக்கத்தக்கது. பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியின் பகைவர் நாடு பாழானமையைப் புலவர் காட்டுகின்றார். பலி ஒழிந்த பொதியிலில் கடவுள் தூணை விட்டு நீங்கிற்று. அங்கு அமர்ந்து நரைத்த முதியோர் வல்லாடிய இடத்தில், காய்கள் பட்டுக் குழிந்த குழிகளில், காட்டுக் கோழி முட்டை இடுகின்றது. பாட்டின் நுண்மை யாதெனின், ஊர் அழிந்தமைக்கு அடையாளமாக வல்லாட்டம் ஒழிந்தமை கூறப்படுவதே. முதியோர் கூடி வல்லாடிய ஊர் வாழும் ஊர். அவ்வொலி அடங்கிய ஊர் பாழூர். இப்பாட்டில் வல்லாட்டத்தின்மேல் கண்டனம் சிறிதும் இல்லை.

திருக்குறளுக்கு வருங்கால் நிலை மாறுகின்றது. சூதாடும் இடத்தை வள்ளுவர் கழகம் என்னும் சொல்லாற் குறிப்பர். அங்குப் பொழுதைக் கழிப்பவன் முன்னோர் தேடிய செல்வத்தையும் பண்பையும் இழப்பான் என்பது அவர் கருத்து. இச்சொல்லின் பிற்கால வரலாறு வியப்பானது. கற்றோர் அவைக்கும், அரசியல் இயக்கங்களுக்கும், இறுதியிற் பல்கலைக்கழகத்துக்கும் அச்சொல்லே பெயராயிற்று. மக்கள் கூடுமிடம் என்னும் பொதுமையே இம்மாற்றத்துக்கு இடந்தந்தது. சூதாடும் இடம் முதற்கண் கூடும் இடம். பிறகே ஆடும் இடம்.

இதனைச் சூதின் முதல் வேர் எனலாம். வேளாண்மை ஓய்ந்த திங்கள்களில் ஊர்ச் சாவடியில் சீட்டு ஆடுவோரையும், இழவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிச் சீட்டைக் கையில் எடுப்போரையும் நாம் கண்டிருக்கின்றோம். அவர்களை அங்கு இழுப்பது பொருளாசை அன்று, தனிமைக்கு அஞ்சுதல். காசு பின்னர் வந்து சேர்கின்றது. வைகுண்ட ஏகாதசி இரவில் வைணவ இல்லங்களில் பரமபதம் ஆடுவதும் விழித்திருத்தற் பொருட்டே. அங்கும் தாயக்கட்டை உருள்கின்றது. ஏணியும் பாம்பும் முற்றிலும் நற்பேற்றின் வழிப்பட்டவை. பணயம் ஒன்றே இல்லை. ஒரே கட்டை ஓரிடத்தில் வழிபாட்டுக்குத் துணையாகவும் ஓரிடத்தில் குடிகெடுக்கும் கருவியாகவும் நிற்றலை நோக்கின், கருவியிலோ ஆட்டத்திலோ குற்றம் இல்லை என்பதும், பணயம் நுழையும் வாயிலையே ஆராய வேண்டும் என்பதும் விளங்கும்.

அழைப்பும் மானமும்

அவ்வாயில்களுள் முதலாவது மானம். புறநானூற்று 43ஆம் பாட்டின் கொளு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் புலவர் தாமப்பல் கண்ணனாரும் வட்டாடினர். புலவர் காயைக் கையில் மறைத்தார். இளவரசன் வெகுண்டு வட்டைக் கொண்டு அவரை எறிந்தான். சிபியின் வழி வந்தோன் செய்யும் செயலா இது என்னும் கருத்துப்படப் புலவர் அவன் பிறப்பையே ஐயுற்றுக் கேட்டார். அவன் நாணித் தலைகவிழ்ந்தான். அது கண்ட புலவர், பிழை செய்தவன் தானே எனத் தம்மேல் ஏற்றுக் கொண்டு அவனை வாழ்த்தினார்.

இங்குப் பொருட் பணயம் ஏதும் கூறப்படவில்லை. ஆயினும் சினமும் நாணமும் பிறப்பும் குலப்பெருமையும் ஆட்டத்தினுள் வந்துவிட்டன. பலகையின் முன் வேந்தன் தம்பியும் புலவனும் நிகர். ஏனைய நேரங்களில் இல்லாத அந்நிகர்மையே ஆட்டத்துக்குச் சுவை தருவது. சிறு தோல்வியும் பெரும்புண் ஆவதற்குக் காரணமும் அதுவே. மேலைநாட்டு மானிடவியலறிஞர் கிளிஃபோர்டு கீர்ட்சு 1972இல் பாலித் தீவின் சேவற்போர் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வுண்மையையே வேறு சான்றுகளால் நிறுவினார். அங்குப் பெரும்பணயம் வைப்போர் பணத்துக்காக வைப்பதில்லை. தத்தம் குலத்தின், ஊரின் மதிப்பைக் காட்டவே வைக்கின்றனர் என்பது அவர் முடிபு. அவர் பாலியிற் கண்டதைப் புறநானூற்றுக் கொளு சோணாட்டிற் காட்டுகின்றது.

பாரதக் கதையில் இம்மானம் பேருருக் கொள்கின்றது. தருமன் ஆசையால் ஆடப் போனான் என்று கூறின் கதை சிறுத்துவிடும். அழைத்தால் மறுத்தல் அரச மரபன்று என்பது ஒன்று. பெரிய தந்தையின் ஆணை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து அவனை அத்தினாபுரத்துக்கு இழுத்தன. வில்லிபுத்தூரார் சூதுபோர் என்றே சருக்கத்துக்குப் பெயர் வழங்க, அழைப்பை மறுத்தல் புறமுதுகிடுதலுக்கு நிகராயிற்று. பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் (முதற் பாகம் 1912) இவ்வுள்ளநிலையை மேலும் விளக்கினார். தம்பியர் தடுக்கின்றனர், தருமன் கடமை எனக் கொண்டு புறப்படுகின்றான். அவையிற் சகுனியின் ஏளனமே அவனை ஆட்டத்துள் தள்ளுகின்றது. நாட்டையே பணயமாக வைத்து இழந்த இடத்தில், பிறர் ஒப்படைத்த பொருளைக் காப்பவனே அதனைத் தோற்றுவிட்ட கொடுமையை உவமைகளால் இடித்துரைத்து, இதுவரை தருமனிடம் காட்டிய பரிவைப் பாரதியார் கைவிடுகின்றார்.

பாஞ்சாலி எழுப்பிய வினா சூது பற்றிய முதற் சட்ட வினா எனத் தகும். தன்னை முன்னர்த் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்றாள். அவ்வினாவுக்கு அவை விடை கூறவில்லை. சூதின் குற்றம் ஆடியவன் ஒருவனுடையது மட்டும் எனின், கவிஞர்கள் அவையின் மௌனத்தை இத்துணை விரித்துக் காட்ட வேண்டுவதில்லை. அழைத்தவன், ஆணையிட்டவன், எள்ளியவன், கண்டும் வாளாவிருந்தவன் ஆகிய அனைவரும் சூதிற் பங்கு கொண்டனர். இராசபாளையத்துத் தொழிலாளி ஒருவன் தோழர் அழைப்பை மறுத்தால் கஞ்சன் என்றோ கோழை என்றோ எள்ளப்படுவான் என அஞ்சிச் சீட்டெடுப்பானாயின், அவனுக்கும் தருமனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது.

கூடலும் குடவோலையும்

மூன்றாவது வேர் பண்பாட்டினுள் ஆழ்ந்து கிடப்பது. வருவதறிய வாய்ப்பைக் கேட்கும் வழக்கம் அது. திருவில்லிபுத்தூரின் சிறந்த சான்று இதற்குக் கிடைக்கின்றது. நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழி கூடல் இழைத்தலைப் பொருளாகக் கொண்டது. தலைவனைப் பிரிந்தவள் கண்ணை மூடி மணலில் வட்டம் இழைப்பாள், முனைகள் கூடின் அவன் வருவான், கூடாவிடின் வாரான். சுழிகளை இரண்டிரண்டாக எண்ணி இரட்டை வரின் நன்மை எனக் கொள்வதும் உண்டு. ஆண்டாள் கூடலையே முன்னிலைப்படுத்தி, கண்ணன் வருவானாயின் கூடுவாயாக எனப் பாட்டுத்தோறும் வேண்டுகின்றாள்.

இத்திருமொழியில் ஒன்று கருதத்தக்கது. வட்டம் கூடிற்றா, கூடவில்லையா என்பது எங்கும் கூறப்படவில்லை. கேட்டல் மட்டுமே உண்டு, முடிவு இல்லை. முடிவுக்கு முந்திய அக்கணத்திலேயே பாடல்கள் அனைத்தும் நிற்கின்றன. நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே துடிக்கும் கணம் அது. கவற்றை எறிந்தவன் அது உருண்டு நிற்கும் வரை வாழ்வதும் அத்தகைய கணத்திலேயே. ஆண்டாளின் பத்திமையைச் சூதோடு ஒப்பிடுதல் நம் கருத்தன்று. அவள் நாடியது பொருளும் அன்று, வெற்றியும் அன்று. மனித உள்ளம் தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதொன்றை நாடும்போது, வாய்ப்பின் வாயிலாக விடை கேட்பது இயல்பு என்பதும், அவ்வியல்பு இழிந்தோரிடம் மட்டும் காணப்படுவதன்று என்பதுமே ஈண்டுப் பெறப்படுவன.

தந்தையின் வரலாறு இதற்கு மறுதலையாய் அமைகின்றது. பாண்டியன் வல்லபதேவன் அவையில் தொங்கவிட்ட பொற்கிழியைப் பரம்பொருள் இதுவென நிறுவிப் பெரியாழ்வார் பெற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி. அங்கும் பரிசு உண்டு, போட்டி உண்டு, அவை உண்டு. ஆனால் கிழி அறிவுக்கு அறுந்து விழுந்தது. பிரெஞ்சு அறிஞர் ரோசே கைவா 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுகளை வகுத்தபோது போட்டியையும் வாய்ப்பையும் இருவேறு இனங்களாக்கினார். ஓரூரின் மரபில் தந்தை ஒன்றற்கும் மகள் மற்றொன்றற்கும் சான்றாக நிற்கும் அழகு எண்ணி இன்புறத்தக்கது.

வாய்ப்பைக் கேட்டல் இல்லத்தளவில் நின்றதன்று. ஊராட்சியிலும் இடம் பெற்றது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. நிலமும் வயதும் கல்வியும் உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். தகுதியை மனிதர் வரையறுத்தனர். தகுதியுடையோருள் யார் என்பதை வாய்ப்பு வரையறுத்தது. ஒருவர்பால் சாராத நடுவுநிலை வாய்ப்புக்கு உண்டு என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. கோயிலிற் பூக்கட்டிக் கேட்பதும், சீட்டுக் குலுக்கிப் பங்கு பிரிப்பதும் அந்நம்பிக்கையின் வழியன. குலுக்கல் என்றாலே நேர்மை என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சிற் பதிந்துளது. பரிசுச் சீட்டு விற்போன் வந்தபோது அவன் புதியதொன்றைக் கொணரவில்லை. பழைய நம்பிக்கையின்மேல் தன் கடையை விரித்தான். சீட்டு என்னும் ஒரு சொல்லே ஆடும் சீட்டுக்கும், சேமிக்கும் ஏலச் சீட்டுக்கும், அரசின் பரிசுச் சீட்டுக்கும் பொதுவாய் வழங்குவது இவ்வுறவுக்கு மொழி தரும் சான்று.

மழையும் பஞ்சும் பரிசுச் சீட்டும்

நான்காவது வேர் பொருளியல் சார்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் கண்மாய் நிரம்பினால் நெல். அப்பாற் கிழக்கே கரிசலில் மழை பெய்தால் பருத்தி. வானம் பார்த்த நிலத்தில் விதைப்பவன் ஆண்டுதோறும் ஒரு பணயம் வைக்கின்றான். விதையும் எருவும் கடனும் அவன் வைக்கும் பொருள். எதிரே ஆடுவது வானம். உழைப்புக்கும் பயனுக்கும் இடையே உறுதியான தொடர்பு இல்லாத வாழ்க்கையில், நற்பேறே எல்லாவற்றையும் நடத்துகின்றது என்னும் எண்ணம் வேரூன்றுதல் வியப்பன்று. உழைத்தும் உயரவில்லை என்பவனுக்கு, உழையாது உயரலாம் என்னும் சொல் பொய்யாகத் தோன்றுவதில்லை.

பஞ்சு வணிகமும் அத்தகையதே. பம்பாயில் ஒரு காலத்தில் நியூயார்க்குப் பஞ்சு விலையின் தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் முன்கூட்டிச் சொல்லிப் பணயம் வைக்கும் சூது பெருகிற்று. அவ்விலைச் செய்தி நின்ற பின்னர்ப் பானையிலிருந்து சீட்டெடுக்கும் முறை வந்தது. மட்கா என்னும் அதன் பெயருக்குப் பானை என்பதே பொருள். உத்தரமேரூரில் ஆட்சிக்கு ஆள் தேர்ந்த குடம் பம்பாயில் கூலிக்காரனின் காசை விழுங்கும் குடமாயிற்று. பஞ்சு விலை ஏறி இறங்குதலைத் தொழிலாகக் கொண்டார் ஒரு பக்கம். அவ்வேற்றத்தாழ்வினால் கூலி உயர்ந்தும் தாழ்ந்தும் வாழ்வார் மறுபக்கம். முன்னவர் செயல் வணிகம் எனப்படும்; பின்னவர் செய்யின் சூது எனப்படும். இவ்வேறுபாட்டை ஆலைத் தொழிலாளி அறியாதவன் அல்லன்.

இனி அரசின் பங்கு. கேரள அரசு 1967இல் பரிசுச் சீட்டுத் துறையைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அரசு 1968இல் தன் பரிசுச் சீட்டை வெளியிட்டது. பரிசு விழுந்தால் வாங்கியவன் வீட்டுக்கு நன்மை, விழாவிடினும் நாட்டுக்கு நன்மை என்னும் கருத்தமைந்த முழக்கம் அந்நாளில் ஊரெங்கும் ஒலித்தது. சூதின் வரலாற்றில் இது புதியதொரு திருப்பம். இழப்பு நாட்டுத் தொண்டாக மாறிற்று; ஆகவே இழந்தவன் நாணவும் வேண்டுவதில்லை. வள்ளுவர் சூதுக்கு எதிராக நிறுத்திய காவல்களுள் ஒன்று புகழ் கெடும் என்னும் அச்சம். அவ்வச்சத்தை அரசே அகற்றிற்று. பல மாநிலங்களின் சீட்டுகள் சிவகாசி அச்சகங்களில் வண்ண வண்ணமாய் அச்சாயின. திருவில்லிபுத்தூரில் ஒருவன் வாங்கிய சீட்டு அவன் அண்டை ஊரானின் உழைப்பால் அச்சேறியதாக இருக்கக்கூடும். ஒருவனுக்குக் கூலியாக வந்த காகிதம் மற்றொருவனுக்கு இழப்பாகப் போயிற்று.

2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. ஆனால் செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் அச்சீட்டு சட்டப்படி விற்கப்படுகின்றது. மலையின் இப்புறம் குற்றம். அப்புறம் அரசின் வருவாய். தென்மாவட்டங்களில் கள்ளச் சீட்டு பிடிபட்ட செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி காண்கின்றோம். அறம் எல்லைக் கல்லோடு மாறுவதைக் காணும் எளிய மக்கள், இது அறம் பற்றிய செய்தி அன்று, வரி பற்றிய செய்தி எனக் கொள்வராயின் அவர்களைக் குறை கூறல் அரிது.

திறனா, நற்பேறா?

1930ஆம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம் திறன் ஒன்றையே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. அதன்பின் வழக்குகள் யாவும் திறனா, நற்பேறா என்னும் ஒரு வினாவைச் சுற்றியே சுழன்றன. ரம்மியிற் பெரும்பான்மை திறனே என உச்ச நீதிமன்றம் 1968இல் கூறிற்று; குதிரைப் பந்தயமும் திறனே என 1996இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிற் கூறிற்று. ஆட்டம் கைப்பேசிக்குள் புகுந்தபின், தமிழ்நாடு 2021இல் இயற்றிய தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அவ்வாண்டே நீக்கிற்று. கடனுற்றோர் பலர் உயிர் மாய்த்த நிலையில் 2022இல் நீதிபதி சந்துரு தலைமையிற் குழு அமைந்தது. புதிய சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சட்டம் செல்லும் எனவும், ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை பொருந்தாது எனவும் தீர்ப்பாயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே திறன், நற்பேறு என்னும் வேறுபாட்டைக் கைவிட்டுப் பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டம் அனைத்தையும் விலக்கியது.

இலக்கியம் இவ்வினாவை முன்னரே அறியும். நளன் கலியாற் பற்றப்பட்டுப் புட்கரனிடம் நாட்டை இழந்தான். இருதுபன்னனிடம் கவற்றின் மறைநூல் கற்றபின் மீண்டும் ஆடி நாட்டை வென்றான். ஆகவே ஆட்டத்தில் திறன் உண்டு என்பதைப் புகழேந்தியின் நளவெண்பா மறுக்கவில்லை. பாரதமும் மறுக்கவில்லை. ஆனால் அத்திறன் யாரிடம் இருந்தது? சகுனியிடம் இருந்தது. தருமனிடம் இருந்தது ஆர்வம். சூதில் திறன் உண்டா என்பதன்று கேட்க வேண்டிய வினா. திறன் உடையவன் பலகையின் எப்பக்கத்தில் அமர்ந்துள்ளான் என்பதே வினா. ஆட்டத்தை அமைத்து, விதி வகுத்து, ஒவ்வொரு சுற்றிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனமே இக்காலச் சகுனி. சட்ட நூலார் அறுபது ஆண்டுகள் தடுமாறிய இடத்தில் சூதுபோர்ச் சருக்கம் தெளிவாக நிற்கின்றது.

கைப்பேசி செய்த மாற்றம் மற்றொன்றும் உண்டு. மேற்கூறிய வேர்களுள் முதலாவதாகிய கூட்டத்தை அது அறுத்துவிட்டது. பொதியில் இல்லை, முதியோர் இல்லை, கைகரந்த புலவனும் நாணிய இளவரசனும் இல்லை. போதும் எழுந்திரு என்று கூறும் ஒருவரும் அருகில் இல்லை. சூதை வளர்த்த கூட்டமே ஒருவாறு சூதுக்கு வேலியாகவும் இருந்தது என்பது அது போனபின் விளங்குகின்றது.

இறுதிக் குறள்

இனி, சூது அதிகாரத்தின் இறுதிக் குறளை (940) நோக்குவோம். இழக்குந்தோறும் சூதின்மேல் விருப்பம் மிகுதல் போல, துன்புறுந்தோறும் உயிர்க்கு உடம்பின்மேற் காதல் மிகும் என்பது அதன் பொருள். ஒன்பது குறள்களில் பொருளாக நின்ற சூது இதில் உவமையாகிவிடுகின்றது. உயிரின் காதலே பொருளாகின்றது. பரிமேலழகர் இம்மாற்றத்தை உணர்ந்தார். உயிரின் அறியாமையைக் கூறுவார் போன்று சூதன் அறியாமையைக் கூறுதலே ஆசிரியர் கருத்து என அமைதி காட்டினார். அதிகாரத்தோடு பொருத்தும் உரை நெறிக்கு அது தக்கதே.

ஆயினும் சொற்கிடக்கையை உள்ளவாறே கொள்ளுதற்கும் இடமுண்டு. உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கோட்பாடு. உயிரின் வாழ்வாசையை அளந்து காட்ட வள்ளுவர்க்குக் கிடைத்த அளவுகோல் சூதனின் ஆசை. எனவே சூதனின் வேட்கை மனித இயல்புக்குப் புறம்பானதன்று; வாழ்வாசையின் கூர்முனை அது. துன்பத்திற் கிடப்பவன் நாளை நன்றாகும் என்று உயிரைப் பற்றிக் கொள்கின்றான். இழந்தவன் அடுத்த ஆட்டத்தில் மீளும் என்று சீட்டைப் பற்றிக் கொள்கின்றான். இரண்டும் ஒரே பற்று. இழப்பில் நிற்போர் அதனை ஈடுசெய்யப் பெருந்துணிவு கொள்வர் எனக் கானெமனும் துவர்சுகியும் 1979இல் நிறுவியது இவ்வுண்மையின் ஒரு கூறு. அதிகாரத்தின் முதற் குறளில் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டிலிரைக்கு ஒப்பிட்டதும், அடுத்த குறளில் ஒன்று வந்து நூறு போவதைச் சுட்டியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. எப்பொழுது கிடைக்கும் என்று தெரியாத சிறு பரிசே உயிரைக் கட்டிப்போடும் என்பதைச் சுகின்னர் 1950களில் புறாக்களைக் கொண்டு ஆய்ந்து கண்டார்.

இவ்வாறு கொள்ளின் ஒரு தடை எழும். சூதனின் ஆசை இயல்பானது எனின், அவன் பிழை நீங்கிவிடாதோ? நீங்காது. நளனைக் கலி பற்றினும் நளனே காட்டிற் கிடந்தான். தமயந்தியும் உடன் துன்புற்றாள். பிழை அவனுடையதே. ஆனால் மருந்து பிழையை மட்டும் நோக்கின் பயனில்லை. நம்பிக்கையினாற் பிழை செய்தவனிடம் நம்பிக்கையை விடு என்று கூறுதல், துன்பத்தில் உழல்வானிடம் உயிரை விடு என்று கூறுதலை ஒக்கும். அவன் நம்பிக்கைக்கு வேறு நிலம் காட்ட வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: மக்களைச் சூதுக்கு ஈர்ப்பன கூட்டத்தின் இன்பமும், மறுத்தற்கரிய மானமும், வாய்ப்பை நடுவனாக மதிக்கும் மரபும், உழைப்புக்கும் பயனுக்கும் தொடர்பறுந்த வாழ்க்கையும் ஆம். பொருளாசை இந்நான்கின்மேல் எழும் கிளை, வேர் அன்று. அறவுரையும் தடையும் கிளையை வெட்டுவன. அவை வேண்டாவென்பது நம் கருத்தன்று. வேர் இருக்குமளவும் கிளை தளிர்க்கும் என்பதே கருத்து.

இராசபாளையத்தில் பி. எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தைக் காந்தி கலைமன்றத்துக்கு வழங்கினார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் அவர். மக்கள் மாலையிற் கூடுதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதையும், அவ்விடம் எத்தகையதாதல் வேண்டும் என்பதையும் அக்கொடை உணர்த்துகின்றது. கழகம் என்னும் சொல் சூதாடும் இடத்திலிருந்து கற்கும் இடத்துக்கு உயர்ந்தது தமிழ் வரலாற்றில் நிகழ்ந்த உண்மை. சொல் சென்ற வழியில் மக்களும் செல்லுதற்குத் தக்க கூலியும் உறுதியான விளைவும் கூடிமகிழும் மன்றமும் வேண்டும். அவற்றை அமைக்கும் பொறுப்பு ஆடுபவனுக்கு மட்டும் உரியதன்று. பாஞ்சாலியின் வினாவுக்கு அன்று விடை கூறாத அவையை இன்று நாமும் நிரப்பி அமர்ந்திருக்கின்றோம் என்பதைச் சூது அதிகாரத்தைக் கற்போரும் கற்பிப்போரும் நினைவிற் கொள்வாராக.